பழைய தாள்களைப் பாதுகாப்பது: சிறிய ஆவணச் சேகரிப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

சங்கத்தின் மினிட் புத்தகங்கள், பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகள், கோயிலின் வரவு செலவுப் பேரேடுகள், தாத்தா காலத்துப் பத்திரக் கட்டு. இப்படி ஏதோ ஒரு சேகரிப்பு உங்கள் பொறுப்பில் இருக்கிறது, ஆனால் குளிரூட்டிய அறையும் கிடையாது, பயிற்சி பெற்ற ஆளும் கிடையாது என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். தமிழ்நாட்டு வெயிலையும் ஐப்பசி மழையையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இருப்பதிலேயே மோசமாகக் கிழிந்த தாளை எடுத்துவைத்துக்கொண்டு அதை ஒட்ட உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒட்டி நிமிர்வதற்குள் பின்னால் இருக்கும் அலமாரியில் கறையான் ஒரு கட்டையே முடித்திருக்கும். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் அறை, அப்புறம் பீரோ, அப்புறம் பெட்டி, கடைசியில்தான் தனித்தாள். எல்லாத் தாள்களுக்கும் ஒரே நேரத்தில் பலன் தரும் வேலை எதுவோ அது முன்னால் வர வேண்டும்.

இன்னொன்று. பின்னால் ஒருவர் பிரித்தெடுக்க முடியாத எதையும் தாளின் மேல் செய்யக் கூடாது. லேமினேஷன், செலோ டேப், ஃபெவிகால், பேனா மை நான்கும் இந்த ஒரு காரணத்தாலேயே விலக்கு.

1. வேலைக்கு முன் சேர்க்க வேண்டியவை

பணம் கொஞ்சமாக இருந்தால் முதலில் வாங்க வேண்டியது பெட்டி அல்ல, ஈரப்பதமானி. சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் கருவி கிடைக்கிறது. வாங்கியதும் அதைச் சரிபாருங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் கருவியையும் ஒரு ஜிப் பையில் வைத்து மூடி, ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் கருவி 5 குறைவாகச் சொல்கிறது. அதைக் கருவியின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிட்டால் பிறகு குழப்பம் வராது.

மற்றவை எளியவை. மென்மையான முடியுள்ள அகலமான பிரஷ் இரண்டு, என்95 முகக்கவசம், எழுதுவதற்கு ஹெச்பி அல்லது 2பி பென்சில், வெள்ளை அழிரப்பர், பிளாட்டிங் பேப்பர் (ஈரம் உறிஞ்சும் தாள்), பருத்தி நாடா, முனை மழுங்கிய மெல்லிய தகட்டுக் கரண்டி. அமிலமற்ற தாளும் அட்டையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். எவ்வளவு வேண்டும் என்பது பட்டியல் போட்ட பிறகுதான் தெரியும்.

கையுறை பற்றி எல்லோரும் கேட்பார்கள். தாளைத் தொட நூல் கையுறை வேண்டாம். அது விரலின் உணர்வை மழுக்கும், உடையும் ஓரத்தில் சிக்கிக் கிழிக்கவும் செய்யும். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கையே போதும். புகைப்படங்கள் மட்டும் விதிவிலக்கு. விரல் ரேகை அதில் நிரந்தரமாகப் பதியும் என்பதால் நைட்ரில் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை மாசி, பங்குனியில் தொடங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் கட்டுகளைப் பிரித்தால் காற்றில் உள்ள ஈரமெல்லாம் தாளுக்குள் போகும்.

2. அறை

கட்டுகள் கட்டியபடியே இருக்கட்டும். முதலில் அறையைப் பாருங்கள். சுவரில் உப்புப் பூத்த இடம், கூரையில் நீர்க்கறை, மேலே அல்லது பக்கத்துச் சுவரில் கழிவறைக் குழாய், தரையோரத்தில் கறையானின் மண் தடம், ஜன்னல் வழியே நேராக விழும் வெயில். இவற்றில் ஏதாவது இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை ஆவணங்களை வேறு அறைக்கு மாற்றுவதுதான் முதல் வேலை.

தாளின் சாவு பெரும்பாலும் ஈரத்தால் வருகிறது. ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சணம் முளைக்கும். ராமபாணப் பூச்சிக்கும் அந்த ஈரம்தான் வேண்டும். தாளில் உள்ள அமிலம் தாளின் இழையான செல்லுலோஸை உடைக்கவும் ஈரம் தேவை. ஆகவே 60க்குக் கீழே வைத்திருப்பது இலக்கு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஆண்டு முழுக்க அது முடியாது. அங்கே காற்றோட்டம்தான் உங்கள் கருவி. காற்று ஓடும் இடத்தில் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதை ஈரப்பதமானியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளியே உள்ள காற்று உள்ளே இருப்பதைவிட ஈரமாக இருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறியை மட்டும் ஓடவிடுங்கள்.

ஏசி பற்றி ஒரு எச்சரிக்கை. காலை பத்து முதல் மாலை ஐந்து வரை ஏசி போட்டுவிட்டு இரவில் அணைக்கும் அறை, ஏசியே இல்லாத அறையைவிட மோசமாக இருக்கலாம். அணைத்ததும் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த இரும்பிலும் தாளிலும் படும். தினமும் இப்படி நடந்தால் தாள் விரிந்து சுருங்கியே நொந்துபோகும். இருபத்துநான்கு மணி நேரமும் ஓட்ட முடிந்தால் ஏசி போடுங்கள். முடியாவிட்டால் காற்றோட்டமே மேல். வெப்பம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லதுதான், ஆனால் ஒரே நிலையில் நிற்பது அதைவிட முக்கியம்.

ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். பழைய ட்யூப்லைட்டுகளை எல்இடி விளக்காக மாற்றினால் புற ஊதாக் கதிர் குறையும். ஆள் இல்லாத நேரத்தில் விளக்கு எரியத் தேவையில்லை.

3. கட்டை அவிழ்க்கும் முன் பட்டியல்

ஒவ்வொரு கட்டையும் இருந்த இடத்தில், இருந்தபடியே ஒரு படம் எடுங்கள். அதற்கு ஓர் எண் கொடுங்கள். நோட்டில் எழுதுங்கள்: எண், எங்கே இருந்தது, மேலே என்ன எழுதியிருக்கிறது, தோராயமாக எத்தனை தாள், எந்தக் காலம், நிலைமை. நிலைமைக்கு நல்லது, பலவீனம், தொட்டால் உடையும் என்று மூன்று தரம் போதும்.

காரணம் எளிது. பழைய ஆவணங்களில் எது எதனுடன் சேர்ந்து கிடந்தது என்பதே ஒரு தகவல். ஒரு பத்திரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த பெயரில்லாத ரசீது, அந்தக் கட்டிலிருந்து பிரிந்தால் யாருடையது என்றே தெரியாமல் போய்விடும். ஆர்வத்தில் எல்லாக் கட்டுகளையும் அவிழ்த்துத் தேதிவாரியாக அடுக்குகிறவர்கள் உண்டு. ‘கடிதங்கள்’, ‘ரசீதுகள்’ என்று வகை பிரிக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே கூடாது. தேதியையும் வகையையும் பட்டியலில் பிரித்துக்கொள்ளலாம். தாள் இருந்த வரிசை இருந்தபடியே இருக்கட்டும்.

பட்டியல் போடும்போதே சிலவற்றுக்கு ஒரு நட்சத்திரம் போட்டுவையுங்கள்: தெர்மல் தாளில் அச்சான ரசீதுகள், ஃபேக்ஸ்கள் (எழுத்து தானே மறைந்துவிடும், உடனே நகல் வேண்டும்), செய்தித்தாள் நறுக்குகள் (பக்கத்தில் உள்ள தாளையும் பழுப்பாக்கும்), நீல நிற வரைபடங்கள் (ப்ளூபிரிண்ட்), புகைப்படங்கள், அரக்கு முத்திரை உள்ளவை. இவை ஒவ்வொன்றுக்கும் தனி நடைமுறை உண்டு.

வயதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1800களின் தொடக்கத்துத் துணிக்கூழ்த் தாள், 1950களில் மரக்கூழ்த் தாளில் அச்சான நோட்டீஸைவிட உறுதியாக இருப்பது சாதாரணம். மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருளும், மை ஊறாமல் இருக்கப் படிகாரம் சேர்த்துச் செய்த பூச்சும் தாளுக்குள்ளேயே அமிலத்தை உண்டாக்கும். ஆகவே பட்டியலில் ‘உடையும்’ என்ற தரம் பெரும்பாலும் மிகப் பழையவற்றுக்கு அல்ல, பின்னால் வந்த இந்த மரக்கூழ்த் தாள்களுக்கே விழும்.

4. பூச்சியும் பூஞ்சணமும்: தனியே வைத்துப் பார்ப்பது

வெளியிலிருந்து வரும் எந்தக் கட்டும் நேராக மற்ற கட்டுகளோடு சேரக் கூடாது. இரண்டு வாரமாவது வேறோர் அறையில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளைத் தாளில் புதிதாக மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. மேல்பரப்பைச் சுரண்டியதுபோல் இருந்தால் ராமபாணம். வட்ட வட்டமாகத் துளை போயிருந்தால் வண்டின் புழு. மண் ஒட்டியிருந்தால் கறையான்.

வண்டுக்கும் புழுவுக்கும் மருந்தைவிடக் குளிர் நல்லது. கட்டை இரண்டு பாலித்தீன் பைகளுக்குள் போட்டு, காற்றை நன்றாக அமுக்கி வெளியேற்றி, டேப்பால் மூடுங்கள். மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும் ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் அறை வெப்பத்தில் விட வேண்டும். இல்லாவிட்டால் பையின் மேல் படிய வேண்டிய நீர்த்துளி தாளின் மேல் படியும். பலர் அவசரப்பட்டுக் கெடுப்பது இந்தக் கடைசி நாளில்தான். கண்ணாடி நெகடிவ்கள், அரக்கு முத்திரை உள்ளவை இந்த முறைக்கு ஆகாது.

கறையான் என்றால் தாளை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. புற்று கட்டிடத்தில் இருக்கிறது. ஆவணங்களை அகற்றிவிட்டு, தரையோரம் துளையிட்டு மருந்து செலுத்தும் ஆட்களைக் கூப்பிடுங்கள். தாளின் மேல் எந்தப் பூச்சிமருந்தையும் தெளிக்க விடாதீர்கள்.

பூஞ்சணம் ஈரமாக, தொட்டால் இழுபடும் நிலையில் இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. அதைத் துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து போகும். நிழலில், மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். காய்ந்து தூளாக ஆன பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் மெதுவாகப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கறை போகாது. அதைப் போக்க பிளீச்சிங், எலுமிச்சை என்று எதையும் முயல வேண்டாம்.

வெயிலில் காயவைப்பது நம் ஊர்ப் பழக்கம். அரிசிக்கும் பருப்புக்கும் சரி. தாளுக்கு மொட்டைமாடி வெயில் ஒரே நாளில் பழுப்பையும் முறுமுறுப்பையும் கொடுத்துவிடும்.

அந்துருண்டை பற்றியும் சொல்ல வேண்டும். பீரோவைத் திறந்தாலே அந்த நெடி வரும் அலுவலகங்கள் நிறைய. அது பூச்சியை விரட்டலாம், முட்டையையும் பூஞ்சணத்தையும் ஒன்றும் செய்யாது. அதை முகர்ந்துகொண்டு வேலை செய்கிற ஆளுக்குத்தான் தீங்கு. வேப்பிலை, வசம்பு வைப்பதில் தவறில்லை, ஆனால் துணிப்பையில் போட்டு அலமாரியின் மூலையில் வைக்க வேண்டும். தாளுக்கு இடையில் செருகினால் இலையின் சாறு கறையாக இறங்கும். ஓலைச்சுவடிக்கு எண்ணெய் தடவுவதைப் பார்த்துவிட்டுத் தாளுக்கும் தடவுகிறவர்கள் உண்டு. தாளில் இறங்கிய எண்ணெய் திரும்ப வராது.

5. தூசி தட்டுவது

ஈரம் தொடும் எந்த வேலைக்கும் முன்பே தூசியை எடுத்துவிட வேண்டும். தூசியோடு நனைந்தால் அது சேறாகித் தாளின் இழைக்குள் போய்விடும். இந்த வரிசை மாறக் கூடாது.

சுத்தமான வெள்ளைத் தாளை மேஜையில் விரித்து, அதன் மேல் ஆவணத்தை வைத்து, ஒரு கையால் நடுவில் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிரஷ் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கியே போக வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினால் கிழிசலில் சிக்கி அதை நீளமாக்கும். அடியில் உள்ள தாள் அழுக்கானதும் மாற்றுங்கள்.

பிரஷ்ஷுக்குப் போகாத அழுக்குக்கு வெள்ளை ரப்பரைத் துருவி, அந்தத் தூளைத் தாளின் வெற்றிடத்தில் தூவி, விரல் நுனியால் வட்டமாக லேசாக உருட்டலாம். பிறகு ஒரு துகள்கூட மிச்சம் வைக்காமல் தட்டிவிட வேண்டும். எழுத்தின் மேல், ரப்பர் ஸ்டாம்பின் மேல், பென்சில் குறிப்பின் மேல், உடையும் தாளின் மேல் இது வேண்டாம்.

எதை எடுக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புதுக்கணக்குப் பேரேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் மஞ்சளும் குங்குமமும் அழுக்கு அல்ல. அந்தப் பேரேடு எப்படித் தொடங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. மஞ்சள் தடவிய பத்திரிகை ஓரமும் அப்படியே. அந்தப் பக்கத்தின் மேல் ஓர் அமிலமற்ற மெல்லிய தாளை வைத்து மூடினால் போதும். சரஸ்வதி பூஜை அன்று இந்தப் பழைய பேரேடுகளுக்கே மறுபடி சந்தனம் வைக்கக் கிளம்புவார்கள். அன்றைக்கு ஒரு புது நோட்டை எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

6. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட்

துருப்பிடித்த இரும்பு தாளைத் தின்னும். பின் இருந்த இடம் கடைசியில் ஓட்டையாகவே விழும். ரப்பர் பேண்ட் ஒன்று உருகி ஒட்டும், அல்லது இறுகி வெட்டும். எனவே எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், ஆனால் பிடுங்கக் கூடாது.

ஸ்டேப்ளர் பின்னுக்குத் தாளைத் திருப்பிப் போடுங்கள். மடிந்த கால்களுக்கு அடியில் மெல்லிய பாலியஸ்டர் பிலிம் துண்டைச் செருகி, அதன் மேல் தகட்டுக் கரண்டியின் முனையை நுழைத்து, கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துங்கள். பிறகு முன்பக்கமிருந்து தூக்கினால் தானாக வரும். அலுவலகத்தில் உள்ள, பல் போன்ற பின் எடுக்கும் கருவி பழைய தாளுக்கு எமன்.

துருவோடு ஒட்டிப்போன குண்டூசிக்கு, ஊசிக்கும் தாளுக்கும் நடுவே பிலிமைச் செருகி முன்னும் பின்னும் மெதுவாக அசைத்து ஒட்டை விடுவித்துவிட்டு அப்புறம் இழுங்கள். ஃபைல்களில் இருக்கும் டேக் நூலை இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள்.

பின்னை எடுத்தபின் அதுவரை சேர்ந்திருந்த தாள்கள் சிதறும். எடுத்த உடனே, அடுத்த பின்னைத் தொடும் முன்பே, அந்தத் தாள்களை ஒரு மடித்த அமிலமற்ற தாளுக்குள் வையுங்கள். புது கிளிப் போட வேண்டாம்.

7. மடிப்பைப் பிரிப்பது

எட்டாக மடித்த பத்திரம், சுருட்டிய வரைபடம், மூலை மடங்கிய கடிதம். உறுதியான தாள் என்றால் மடிப்பைக் கையால் பிரித்து, இரண்டு பிளாட்டிங் பேப்பருக்கு நடுவே வைத்து, மேலே கண்ணாடியோ பலகையோ வைத்துக் கனம் ஏற்றினால் சில நாளில் படியும். இஸ்திரிப் பெட்டியைத் தேட வேண்டாம். அந்தச் சூடு தாளில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சி அதை உடைய வைக்கும்.

பிரிக்கும்போது முறுக்கென்று சத்தம் வந்தால் நிறுத்துங்கள். அதற்குக் கொஞ்சம் ஈரக்காற்று கொடுக்க வேண்டும். மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈரத்துணி, அதற்கு மேல் பிளாஸ்டிக் வலைத்தட்டு, அதன் மேல் தாள். தண்ணீர் எங்கும் தாளைத் தொடக் கூடாது. மூடிவிட்டு ஒரு மணிக்கொருமுறை பாருங்கள். தாள் தளர்ந்ததும் எடுத்துப் பிரித்து, பிளாட்டிங் பேப்பருக்கு நடுவே கனத்தோடு வையுங்கள். பேப்பரை அன்று ஒருமுறையும் மறுநாள் ஒருமுறையும் மாற்ற வேண்டும். டப்பாவில் இரவு முழுக்க விட்டுவிட்டுப் போனால் காலையில் பூஞ்சணத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டிருக்கும்.

ஈரக்காற்றைக் கொடுக்கும் முன் மையைப் பாருங்கள். சாதாரணப் பேனா மை, ரப்பர் ஸ்டாம்ப், ஈரம் பட்டால் ஊதாவாக மாறும் காப்பி பென்சில் இவற்றில் எது இருந்தாலும் இந்த முறை வேண்டாம். அன்னபேதி சேர்த்த பழைய இரும்பு மையும் அப்படித்தான். அது பழுப்பாக மாறி, எழுத்து இருந்த இடத்தில் தாளே விரிசல் விட்டிருக்கும். ஈரம் பட்டால் மையில் உள்ள இரும்பு சுற்றிலும் பரவி அழிவை வேகப்படுத்தும்.

8. கிழிசல்: எப்போது ஒட்டலாம்

பெரும்பாலும் ஒட்டத் தேவையில்லை. கையில் எடுக்கும்போது மேலும் கிழியும் என்ற நிலை இருந்தால் மட்டும் ஒட்டுங்கள். மற்றவற்றை அடுத்து சொல்லப்போகும் உறையில் வைத்தாலே கிழிசல் நிற்கும். மதிப்பு மிக்க ஆவணத்தில் பழகக் கூடாது. பழைய காலண்டர் தாளைக் கிழித்து அதில் கை தேறும் வரை பழகுங்கள்.

ஒட்டுவதற்கு ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும். மைதா வேண்டாம், அதில் புரதம் உண்டு, பூச்சிக்கு விருந்து. ஒரு பங்கு ஸ்டார்ச்சை நான்கைந்து பங்கு தண்ணீரில் ஊறவைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஆனதும் இறக்கி, ஆறியபின் வடிகட்டி, தேவைக்குத் தண்ணீர் சேர்த்து நெகிழ்த்துங்கள். குளிர்ப்பெட்டியில் சில நாள் இருக்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

பைண்டிங் கடைகளில் பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். பூச்சி வராது என்பது உண்மை. ஆனால் அதில் உள்ள செம்பு, தாள் ஆக்சிஜனோடு சேர்ந்து நொறுங்குவதைத் துரிதப்படுத்தும். அசல் ஆவணத்தைப் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அது ஒரு காரணம். ஓரத்தை வெட்டிச் சமன் செய்வார்கள், பக்கவாட்டில் எழுதியிருந்த குறிப்பு போய்விடும் என்பது இன்னொன்று.

ஜப்பானியத் தாளைக் கத்தரியால் வெட்டாதீர்கள். ஈரப் பிரஷ்ஷால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் இழுத்துக் கிழியுங்கள். இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம்தான் அசல் தாளோடு இழைந்து ஒட்டும். வெட்டிய நேர் ஓரம் பின்னாளில் புது மடிப்பாக மாறும். கிழிசலின் இரண்டு ஓரங்களையும் சரியாகப் பொருத்தி, பின்பக்கத்தில் பசை தடவிய துண்டை வைத்து, மேலும் கீழும் ஒட்டாத பாலியஸ்டர் துணி, அதன் மேல் பிளாட்டிங் பேப்பர், அதன் மேல் கனம். பசை கொஞ்சமாக இருக்க வேண்டும். தடவியதும் தாள் பளபளவென்று நனைந்திருந்தால் அதிகம். இரும்பு மை உள்ள தாளில் இந்த ஈரப் பசையும் ஆகாது.

ஏற்கெனவே ஒட்டியிருக்கும் செலோ டேப்பை உரிக்காதீர்கள். அது எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். காய்ந்து தானாக விழுந்தால் சரி, இல்லாவிட்டால் பட்டியலில் குறித்துவிட்டு நிபுணருக்கு விடுங்கள்.

லேமினேஷன் செய்த பத்திரத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறவர்கள் நிறையப் பேர். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் இழையோடு கலந்துவிட்டது, அதை இனி தாளுக்குச் சேதமில்லாமல் எடுப்பது மிகக் கடினம். தாளுக்குள் இருந்த அமிலமும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே இருக்கும். தாளும் முத்திரையும் உண்மையானவையா என்று பரிசோதிக்கவும் வழியில்லை.

9. உறையும் பெட்டியும்

தாள் வாங்கும்போது ஐஎஸ்ஓ 9706 என்ற குறியைத் தேடுங்கள். நடுநிலைக்கு மேல் கார அளவு, உள்ளே 2 சதவீதத்துக்குக் குறையாத கால்சியம் கார்பனேட் இருப்பு என்பது அதன் பொருள். அமிலம் வந்தால் அந்தக் கார இருப்பு அதைச் சமன் செய்யும். குறி இல்லாத தாளைச் சோதிக்க பிஹெச் பேனா உண்டு. கோடு ஊதாவாக நின்றால் சரி, மஞ்சளானால் அமிலம். உறைத் தாளின் ஓரத்தில் மட்டும் சோதியுங்கள், ஆவணத்தில் ஒருபோதும் கூடாது. அந்தக் கோடு அழியாது. புதுச்சேரியில் கிடைக்கும் சாயமில்லாத பருத்திக் கைத்தயாரிப்புத் தாளும் நல்ல உறையாகலாம், ஆனால் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சோதித்துவிட்டு.

ஒரு மடிப்புறையில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம். உடையும் தாள்களை இரண்டு பக்கம் ஒட்டி இரண்டு பக்கம் திறந்த பாலியஸ்டர் உறையில், பின்னால் ஒரு கார இருப்புத் தாளோடு வையுங்கள். எழுத்து உதிரும் நிலையில் இருந்தாலோ, பென்சில், கரித்துண்டு ஓவியம் என்றாலோ பாலியஸ்டர் ஆகாது. அதன் நிலைமின்சாரம் துகளை இழுத்துவிடும்.

கடையில் கிடைக்கும் வளவளப்பான பிவிசி ஃபைல் உறைகள் வேண்டாம். அவை அமில வாயுவை விடும். ஜெராக்ஸ் எழுத்து அந்த உறையிலேயே ஒட்டிக்கொண்டு வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். புது ரெயின்கோட் வாடை அடித்தால் அது பிவிசி.

நீல வரைபடங்களுக்கு மட்டும் கார இருப்பு உள்ள தாள் கூடாது. அந்த நீலம் காரத்தில் வெளுக்கும். நடுநிலைத் தாள் கேட்டு வாங்குங்கள். செய்தித்தாள் நறுக்கைத் தனி உறையில் பிரித்துவையுங்கள்.

எண்ணை உறையின் மேல் முதலில் எழுதிவிட்டு அப்புறம் தாளை உள்ளே வையுங்கள். தாளை வைத்தபின் எழுதினால் அழுத்தம் உள்ளே பதியும். ஆவணத்திலேயே எண் போட வேண்டுமென்றால் பின்பக்கக் கீழ் மூலையில், பென்சிலால், லேசாக.

பெட்டி நிரம்பியிருக்க வேண்டும், ஆனால் திணிக்கக் கூடாது. பாதி காலியான பெட்டியில் நிறுத்தி வைத்த தாள் வளைந்துவிடும், அதனால் மீதி இடத்தில் அட்டையை மடித்து வையுங்கள். பெரியவை, பலவீனமானவை எல்லாம் படுத்தவாக்கில்.

10. பீரோ

வண்ணம் பூசிச் சுட்ட இரும்பு அலமாரி நல்லது. மர அலமாரி அமில வாயு விடும், கறையானுக்கும் வழி. தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயரம், வெளிச்சுவரிலிருந்து ஒரு கை நுழையும் இடைவெளி. முழுக்க மூடிய பீரோவுக்குள் காற்று தேங்கும். காய்ந்த நாளில் கதவைத் திறந்து வைக்கலாம், அல்லது மேலும் கீழும் துளை போட்டு வலை அடிக்கலாம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தைச் சும்மா பீரோவில் போட்டால் ஓரிரு நாளில் நிரம்பிப் பயனற்றுப் போகும். இறுக மூடிய டப்பாவில்தான் அது வேலை செய்யும்.

அடித்தட்டைக் காலியாக விடுங்கள், அல்லது இழந்தால் தாங்கக்கூடியதை வையுங்கள்.

11. நகல்

ஸ்கேன் எடுப்பது பாதுகாப்பின் ஒரு பகுதிதான், அசலுக்கு மாற்று அல்ல. தூசி எடுத்து, பின் எடுத்து, மடிப்பு பிரித்த பிறகுதான் ஸ்கேன். இல்லாவிட்டால் அதே வேலையை இரண்டு தரம் செய்வீர்கள். தாளைத் தானே இழுக்கும் ஸ்கேனர் கூடாது. தட்டையான ஸ்கேனரோ ஸ்டாண்டில் பொருத்திய கேமராவோ போதும். அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) அடர்த்தி பெரும்பாலானவற்றுக்குச் சரி, பொடி எழுத்துக்கு 400. கோப்பின் பெயர் பட்டியல் எண்ணாகவே இருக்கட்டும். இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு கட்டிடங்களில்.

தெர்மல் ரசீதுகளை மட்டும் இந்த வரிசைக்குக் காத்திராமல் பட்டியல் போட்ட அன்றே எடுத்துவிடுங்கள்.

12. நனைந்துவிட்டால்

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் தரைத்தளத்து பீரோக்களில் இருந்த எத்தனையோ சான்றிதழ்களும் பத்திரங்களும் நனைந்தன. அப்படி ஒரு நாளில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 48 மணி. அதன் பிறகு பூஞ்சணம் தொடங்கும்.

ஊறிய கட்டைத் தாள் தாளாகப் பிரிக்க முயலாதீர்கள். கட்டாகவே ஒரு தட்டில் ஏந்தி எடுங்கள். அன்றைக்கே காயவைக்க முடிந்த அளவை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மீதியைப் பாலித்தீனில் சுற்றி ஆழ்குளிர்ப் பெட்டிக்கு அனுப்புங்கள். உறைந்த தாள் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

வெளியே வைத்தவற்றில் சில தாளுக்கொருமுறை பிளாட்டிங் பேப்பரோ அச்சிடாத செய்தித்தாளோ இடையிட்டு, நனைந்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள். மின்விசிறி ஓடட்டும், நேராகத் தாளின் மேல் வீச வேண்டாம். சேற்றை ஈரத்தில் தேய்க்காமல் காய்ந்தபின் பிரஷ்ஷால் எடுங்கள்.

வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சான பத்திரிகைகளும் மலர்களும்தான் முதலில் கவனிக்க வேண்டியவை. நனைந்து ஒருமுறை காய்ந்துவிட்டால் அவை ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே உறைய வையுங்கள்.

13. பிறகு என்ன

வாரம் ஒருமுறை ஈரப்பதத்தைக் குறித்துவையுங்கள். மாதம் ஒருமுறை டார்ச்சோடு அலமாரியின் பின்புறமும் மூலைகளும். மூலைகளில் ஒட்டுப்பொறி அட்டை வைத்தால் எந்தப் பூச்சி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். புரட்டாசி முடியும் முன் கூரை, வடிகால் குழாய், ஜன்னல் ரப்பர் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். அறைக்குள் காபியும் முறுக்கும் வரக் கூடாது, சாமி படத்துக்கு விளக்கேற்றுவதும் வெளியேதான்.

இரும்பு மை தின்ற தாள், செலோ டேப் மூடிய கையெழுத்து, கட்டியாக ஒட்டிப்போன புத்தகம் இவற்றில் நீங்கள் கை வைக்க வேண்டாம். உறையில் வைத்துக் காத்திருப்பதால் அவை பெரிதாகக் கெட்டுவிடாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். தில்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக்காப்பகம் ஆவணப் பராமரிப்பில் குறுகியகாலப் பயிற்சிகள் நடத்துகிறது. சேகரிப்பு பெரிதாக இருந்தால் உங்களில் ஒருவரை அங்கே அனுப்பிவையுங்கள்.